காட்டுப்பூவரசு: ஒரு மலைப்பூவின் பெயர் பற்றிய ஆராய்ச்சி

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் அப்பொருளின் இயல்பை அறிவிப்பது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இலக்கண நூலார் பெயர்களை வகுத்திருத்தலின், காரணம் என்பது பொருளிடத்தே கிடப்பது என்றே கற்போர் பெரும்பாலும் எண்ணுகின்றனர். ஆயின், காட்டிலும் மலையிலும் தாமே மலரும் பூக்களின் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். அப்பெயர்களுட் பலவற்றின் காரணம் அந்தப் பூவில் இல்லை. பெயரிட்டவன் தன் ஊரிலிருந்து நெஞ்சிற் சுமந்து வந்த வேறொரு பூவில் இருக்கின்றது. இவ்வுண்மையைத் தெளிதற்கு, இலங்கையின் மத்திய மலைநாட்டில் மலரும் ஒரு செம்மலரும், அம்மலருக்குப் பல மொழிகளில் வழங்கும் தொகைப்பெயர்களும் தக்க சான்றாகும்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவலை, பட்டிப்பொலை வழியாக மேலேறுவோர் தேயிலைச் செடிகள் முடிவுற்றபின் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளியை அடைவர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டன் என்பவரின் பெயரால் அது வழங்குகின்றது. அங்குள்ள புல்வெளிகளில் ஒரு மரம் ஆங்காங்கே தனித்து நிற்கும். காற்றினாற் கோணி வளர்ந்த அடிமரம். தடித்து நீண்ட இலைகள். இலையின் அடிப்புறத்தே பழுப்பு நிறமான மெல்லிய படலம். கிளை நுனிகளிற் கொத்துக் கொத்தாக மணிபோலத் தொங்கும் செந்நிறப் பூக்கள். தாவர நூலார் இதனை ரொடோடென்ட்ரன் ஆர்போரியம் என்னும் இனத்தின் இலங்கை வகையென்பர். இதே இனத்தின் பிறிதொரு வகை நீலகிரி, பழனி மலைகளிலும் மூணாற்றுப் பக்கத்திலும், வேறு வகைகள் இமயமலைச் சாரலிலும் வளர்கின்றன. இடைப்பட்ட பெருநிலப் பரப்பில் இம்மரம் இல்லை. நேபாள நாட்டின் தேசியப் பூவாகப் போற்றப்படுவதும் இதுவே. அங்கே இதன் பெயர் லாலிகுராஸ்.

முதற்கண் தாவர நூற்பெயரை நோக்குதல் தகும். ரொடோன் என்பது கிரேக்க மொழியில் ரோசாப்பூ. டென்ட்ரோன் என்பது மரம். ஆகவே, ரொடோடென்ட்ரன் என்பதன் பொருள் ரோசாமரம். ஆனால், பண்டைக் காலத்தில் இச்சொல் குறித்தது இம்மலைமரத்தை அன்று. உரோம நாட்டுப் பிளினி முதலியோர் காலத்தில் அது அலரிக்கு வழங்கிய பெயர். அலரியின் இளஞ்சிவப்புப் பூவைக் கண்டவர் தாம் முன்னறிந்த ரோசாவை நினைந்து அதனை ரோசாமரம் என்றனர். பின்னர் 1753ஆம் ஆண்டிலே லின்னேயஸ் தமது பெருநூலை வெளியிட்டபோது, அப்பெயரை மலைச்செடிகளின் பேரினம் ஒன்றுக்கு உரியதாக நிலைநாட்டினார். ரோசாவிலிருந்து அலரிக்கும், அலரியிலிருந்து மலைச்செடிக்கும் ஒரே பெயர் இருமுறை இடம்பெயர்ந்துள்ளது. மூன்றும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள் என்பது கருதத்தக்கது.

இனி, ஜேர்மன் மொழிப்பெயரைக் காண்போம் எனின், அதன்முன் அம்மொழியின் தொகையியல்பை அறிதல் வேண்டும். தமிழைப் போலவே ஜேர்மன் மொழியும் சொற்களை இடையீடின்றி இணைத்துத் தொகைச்சொல் ஆக்கும் இயல்புடையது. தமிழிற் போலவே அங்கும் பெரும்பாலான தொகைகளில் வருமொழியே தலைமைச் சொல். நிலைமொழி அதனை அடுத்து விசேடிப்பது. பனிக்காலத்தின் இறுதியில் மலரும் ஒரு சிறு வெண்பூவை அம்மொழியினர் 'பனிச்சிறுமணி' என்னும் பொருள்படும் தொகையாற் குறிப்பர். இலையின் ஓரம் கூரிய பற்கள் போல வெட்டுண்ட ஒரு புல்வெளிச் செடியைச் 'சிங்கப்பல்' என்பர். செடி சிங்கமும் அன்று, பல்லும் அன்று; சிங்கப்பல் போன்ற இலையை உடையது என விரிதலின், தமிழிலக்கணத்தார் இதனை அன்மொழித்தொகையென அடக்குவர்.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் மலரும் ரொடோடென்ட்ரன் செடிகளுக்கு ஜேர்மன் மொழியிலுள்ள பெயர் அல்பென்ரோசெ. அல்பென் என்பது அல்ப்ஸ் மலை. ரோசெ என்பது ரோசாப்பூ. அல்ப்ஸ் மலையின்கண் உள்ள ரோசா என விரித்தால் ஏழாம் வேற்றுமைத்தொகை போலத் தோன்றும். பொருள் தெளிவாயிற்று என்று பலர் இவ்வளவில் அமைவர். ஆனால் இவ்விரிவு முற்றிலும் உண்மையன்று. அம்மலையில் மெய்யான ரோசாச் செடிகளும் உள்ளன. அல்பென்ரோசெ அவற்றுள் ஒன்றன்று. சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுதல் மட்டும் ஒரு தொகைப்பெயரின் பிறப்பை அறிவிக்கப் போதாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தொகைப்பெயர்களை ஆராய்வதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தொகையின் முதற்சொல்லை நீக்கிவிட்டு, எஞ்சிய சொல் அப்பொருளுக்கு இன்னும் உண்மையாகுமா என வினவுதலே அது. மலைத்தேன் என்பதில் மலையை நீக்கினால் எஞ்சுவது தேன், மலைத்தேனும் தேனே. கடற்குதிரை என்பதிற் கடலை நீக்கினால் எஞ்சுவது குதிரை. கடற்குதிரையோ குதிரையன்று, ஒரு சிறு மீன். முன்னதில் முதற்சொல் இடத்தை மட்டும் கூறுகின்றது. பின்னதில் அது வேறொரு தொழிலைச் செய்கின்றது. 'பின்வரும் சொல்லை அதன் நேர்ப்பொருளிற் கொள்ளற்க. உவமையாகக் கொள்க' என்று கேட்போனை எச்சரிக்கின்றது. குதிரை என்பது அங்கே உவமையாகுபெயர். ஒரே முதற்சொல்லே இருவகைத் தொழிலையும் செய்தல் உண்டு. காட்டுப்பன்றி பன்றியே, காட்டாமணக்கோ ஆமணக்கன்று.

இச்சோதனையில் அல்பென்ரோசெ கடற்குதிரையின் பக்கமே சேர்கின்றது. அல்பென் என்னும் முதற்சொல் மலையின் பெயரைக் கூறுவதோடு, 'நீ அறிந்த ரோசா அன்று இது' என்றும் கூறுகின்றது. பெயரிட்டவர் தோட்டத்து ரோசாவை நன்கறிந்தவர். மலைமேற் சென்று செந்நிறப் பூவைக் கண்டபோது, அறியாததனை அறிந்ததன் பெயரால் அழைத்தனர். காலப்போக்கில் இப்பெயர் மேலும் பரந்தது. ஜேர்மன் தாவர வழக்கில் ரொடோடென்ட்ரன் பேரினம் முழுமைக்குமே அல்பென்ரோசெ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இதனால் நேர்ந்த விந்தை சிந்திக்கத்தக்கது. ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜேர்மன் உயிரியல் அறிஞர் 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் சென்றார். அவருடைய தாய்மொழியில் அங்கு நிற்கும் மரமும் ஓர் 'அல்ப்ஸ் ரோசா'வே. நிலநடுக்கோட்டிற்கு ஏழு பாகைக்குள் உள்ள இலங்கை மலையில், அல்ப்ஸும் அல்லாத, ரோசாவும் அல்லாத ஒரு மரம் அவ்விரு சொற்களாலும் அழைக்கப்படுகின்றது. ஆயினும் ஜேர்மன் மக்கள் இப்பெயரைப் பிழையென்று நீக்கவில்லை. தமக்குரிய இனிய சொல்லென்றே பேணுகின்றனர்.

சிங்கள மொழியில் இம்மரத்தின் பெயர் மஹ ரத்மல். மஹ என்பது பெரிய. ரத் என்பது சிவப்பு. மல் என்பது பூ. பெருஞ்செம்பூ என நேரே பொருள் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளின் இது மலைத்தேன் வகையைச் சார்ந்த உண்மைப் பெயராகும். ஆனால், ரத்மல் என்பது சிங்கள வழக்கில் வெட்சிக்கும் பெயர். தாழ்நிலத்திலும் வீட்டு முற்றத்திலும் கொத்தாகச் சிவந்து மலரும் வெட்சியை அறிந்தவர், மலைமேல் அதனினும் பெரிய செங்கொத்தைக் கண்டு 'பெரிய வெட்சி' என்றனர் எனக் கொள்ளவும் இடமுண்டு. அங்ஙனமாயின் இதுவும் இடம்பெயர்ந்த பெயரே. இரண்டனுள் ஒன்றைத் துணிதற்குச் சொற்பிரிப்பு உதவாது. வெட்சியும் மலைப்பூவும் கொத்தாய் மலர்தலிலும் நிறத்திலும் ஒத்திருத்தல் பின்னைய கருத்துக்குத் துணைசெய்கின்றது.

இவற்றோடு ஒப்பவைத்துத் தமிழ்ப்பெயரை ஆராய்தல் வேண்டும். நீலகிரி, பழனி மலைப்பக்கங்களிற் பூமரம் என்றும் காட்டுப்பூவரசு என்றும் இம்மரம் பெயர் பெறுகின்றது. பின்னைய பெயர் மலையாள மொழியிலும் வழங்குவது. பூமரம் என்பது சோதனைக்கு நிற்கும் உண்மைப் பெயராயினும், பூக்கும் மரம் எதற்கும் பொருந்துவதாதலின் ஒன்றைச் சுட்டும் ஆற்றல் அதற்குக் குறைவு. காட்டுப்பூவரசு என்பதே ஆராய்ச்சிக்கு இடந்தருவது.

காடு என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரம் டகரம் இரட்டிக் காட்டு என நின்று பூவரசு என்பதோடு புணர்ந்தது. பூவரசு என்பதுதானும் ஒரு தொகை. பூ, அரசு என்னும் இரு சொற்கள் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்தன. அரசு என்பது கோயில் வாயிலிலும் குளக்கரையிலும் நிற்கும் அரசமரம். பூவரசின் இலை அரசிலையைப் போல இதய வடிவினது. அரசமரத்தின் பூ வெளியே தோன்றாது. இதுவோ மஞ்சட்பூவைக் காட்டி நிற்பது. ஆகவே, அரசு போன்ற இலையுடையதாய்ப் பூப்பது பூவரசு. பூ என்பதை நீக்கிப் பார்க்க: பூவரசு அரசமரம் அன்று. எனவே பூவரசும் கடற்குதிரை வகைத் தொகையே. அதன்மேற் காடு என்னும் சொல் ஏறிய காட்டுப்பூவரசோ தொகைக்குள் தொகை. அரசிலிருந்து பூவரசுக்கும், பூவரசிலிருந்து மலைமரத்துக்கும் என இங்கும் பெயர் இருமுறை இடம்பெயர்ந்துள்ளது. கிரேக்கச் சொல் ரோசாவிலிருந்து அலரிக்கும் அலரியிலிருந்து மலைக்கும் சென்ற வழியே தமிழ்ச்சொல்லும் சென்றிருத்தல் வியப்பன்றோ.

தமிழர் அரசமரத்தைக் கண்ட கண்ணாற் பூவரசைக் கண்டனர் எனின், ஐரோப்பிய நூலார் அதனைத் தமது பொப்பிளர் மரத்தைக் கண்ட கண்ணாற் கண்டனர். அதன் நூற்பெயராகிய தெஸ்பேசியா பொப்புல்னியா என்பதன் பிற்சொல்லுக்குப் பொப்பிளரைப் போன்றது என்பதே பொருள். ஆங்கிலேயர் தமிழர் வாய்ச்சொல்லைக் கேட்டு அம்மரத்தைப் 'போர்ஷியா மரம்' என்றனர். சேக்ஸ்பியர் நாடகத்து நாயகியின் பெயரை ஒத்து ஒலித்தலால், அதனுள் ஒரு தமிழ்ப் பூவும் ஓர் அரசும் மறைந்து கிடப்பதைப் பயில்வோர் உணர்வதில்லை. தமிழிற் பகுபதமாய் இருந்தது ஆங்கிலத்திற் பகாப்பதமாயிற்று.

இனி, காட்டுப்பூவரசு என்னும் பெயருக்கு எழக்கூடிய தடைகள் இரண்டு. ரொடோடென்ட்ரன் மரத்தின் இலை இதய வடிவினதன்று. பூவும் மஞ்சளாய் விரிவதன்று. ஆதலிற் பூவரசோடு ஒப்புமை இல்லை என்பது முதலாவது. ஒப்புமை முழுவுருவிற்றாதல் வேண்டும் என்பது இத்தடையின் அடிப்படை. ரோசாவுக்கும் அல்பென்ரோசெக்கும் உள்ள ஒப்புமையும் அத்தகையதே என்பதை இவர் மறந்தனர். பூவரசம்பூ மஞ்சளாய் விரிந்து வாடுங்காற் சிவந்து தோன்றுவது; இலைகளுக்கிடையே பெரும்பூக்களைக் காட்டும் நடுத்தர உயரமுள்ள மரம் அது. சமவெளித் தமிழர் நாள்தோறும் கண்டு பழகிய பூமரம் என்னும் ஒன்றே உவமைக்குப் போதுமான காரணம். உவமை கண்ணிற் பிறப்பதினும் பழக்கத்திற் பிறப்பதே பெரும்பான்மை.

அரசு என்பதற்கு மன்னன் என்னும் பொருள் கொண்டு, காட்டுப்பூக்களுக்கு அரசன் என விரித்தல் சிறப்பன்றோ என்பது இரண்டாவது. செங்கொத்துகள் ஏந்தி உயர்ந்து நிற்கும் மரத்துக்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும், பூவுக்கு அரசு என்பது பின்னாளார் செவிக்கு இனிமை தோன்றக் கூறும் விளக்கமேயன்றிப் பெயரின் பிறப்பு அன்று. இலையால் அரசமரத்தை ஒத்தலே பூவரசு என்னும் பெயருக்குக் காரணம். அழகான விளக்கம் உண்மையான விளக்கத்தை வெளியேற்றுதலை ஆராய்ச்சி இடங்கொடுத்தல் ஆகாது. மன்னன் என்னும் பொருளைச் சுவைஞர் அனுபவிக்கலாம். சொல்லின் வரலாறாகக் கற்பித்தல் தகாது.

மலைநாட்டுப் பாடசாலைகளில் இம்மரத்தை மாணவர்க்கு எப்பெயராற் கற்பித்தல் வேண்டும் என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. ரொடோடென்ட்ரன் என ஒலிபெயர்த்தல் ஒருவழி. அஃது அறிவியல் வகுப்புக்கு வேண்டுவதே எனினும், நெஞ்சில் எந்த மரத்தையும் நிறுத்துவதன்று. கிரேக்கத்தை மொழிபெயர்த்து ரோசாமரம் எனல் மற்றொரு வழி; அது பிறர் நினைவைக் கடனாகப் பெறுதல். பெருஞ்செம்பூ எனச் சிங்களப் பெயரைத் தமிழாக்குதல் மூன்றாவது. அயலார் வழக்கோடு ஒத்திருத்தலால் அதற்கு ஒரு சிறப்புண்டு. எனினும், தமிழர் தாமே கண்டு தாமே இட்ட பெயர் ஒன்று அண்டை மலைகளில் வழங்கும்போது அதனை விடுத்துப் புதிது புனைதல் வேண்டாததே.

அன்றியும், அப்பெயர் மலைநாட்டு மக்களின் வரலாற்றோடு ஆழ்ந்த தொடர்புடையது. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தோருட் பெரும்பாலார் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய சமவெளி மாவட்டத்தினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோர் பலர். வழியில் மடிந்தோரும் பலர். அவர்கள் விட்டுவந்த ஊர்களிற் பூவரசு இல்லாத ஊர் அரிது. அதன் இலையைச் சுருட்டி ஊதி விளையாடாத சிறுவரும் அரியர். யாழ்ப்பாணத்து வேலிகளிற் பூவரசங் கதியால் நாட்டுவோருக்கும் அஃது அயன்மரம் அன்று. வேலியோரத்துப் பூவரசை அறிந்த எவரும், தெற்கிலிருந்து வந்தவராயினும் வடக்கிலிருந்து வந்தவராயினும், மலைமேல் நிற்கும் செம்மரத்தைக் காட்டுப்பூவரசு என்றதும் உறவுமரம்போல உணர்வர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் விதித்தது. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டு அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிற் குடியேறினர்; அவர்களுக்கென்றே அரசினர் தேயிலைத் தோட்டங்களும் அங்கு அமைக்கப்பட்டன. நுவரெலியாவில் விட்டுச்சென்ற இனத்து மரமே நீலகிரியிலும் அவர்களை எதிர்கொண்டது. அங்கே அதற்குத் தமிழ்ப்பெயரும் இருந்தது. மரத்துக்கு இருநாட்டிலும் உரிமையிருந்தது. மனிதருக்கோ இலங்கையில் இந்தியர் என்றும், இந்தியாவிற் சிலோன்காரர் என்றும் பெயர்கள் வழங்கின.

பெயர் பற்றிய ஆராய்ச்சி இவ்விடத்திற் பூவைவிட்டு மனிதரை நோக்குதல் தவிர்க்கலாகாது. காட்டுப்பூவரசு என்பதிலுள்ள காடு என்னும் சொல்லே தோட்டக்காட்டான் என்னும் சொல்லிலும் உள்ளது. மலைநாட்டுத் தமிழரை இகழ்ந்து ஏனைத் தமிழர் சிலர் வழங்கிய சொல் அது. கற்றோர் வாயிலும் அது கேட்கப்பட்டது. அவ்வசையில் முதற்சொல் இடத்தைக் கூறுவது போலத் தோன்றினும், உண்மையிற் கடற்குதிரையின் முதற்சொல் செய்யும் தொழிலையே செய்கின்றது: 'இவன் தமிழனைப் போன்றவன்; நீ அறிந்த தமிழன் அல்லன்' என்று கேட்போனுக்கு உணர்த்துகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றோராயினர். எஞ்சி நின்ற குறை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே நீங்கிற்று. அவர்களைச் சுட்டும் சொல்லுக்குள் ஒளிந்திருந்த விலக்கு அவ்வளவு நீண்டகாலம் செயற்பட்டது.

அச்சோதனையை இங்கும் செய்து பார்த்தல் வேண்டும். மலையகத் தமிழர் என்னும் தொகையின் முதற்சொல்லை நீக்கினால் எஞ்சுவது தமிழர். அச்சொல் அவர்களுக்குப் பொய்யாகின்றதா? ஆகவில்லை. எனவே இது மலைத்தேன் வகைத் தொகை, கடற்குதிரை வகையன்று. முதற்சொல் அவர்கள் வாழும் மலையைக் கூறுகின்றது. அவர்களது தமிழ்மையைக் குறைப்பதோ உவமையளவில் நிறுத்துவதோ இல்லை. அதுபோலவே யாழ்ப்பாணத் தமிழர், மட்டக்களப்புத் தமிழர் என்பனவும் அமைந்துள்ளன. இலக்கணம் வகுப்பறையிற் பரீட்சைக்கு மட்டும் பயன்படுவதன்று. ஒரு சொல் எவ்விடத்து அடை, எவ்விடத்து வசை என்று பகுத்தறிதற்கும் அதுவே கருவி.

காட்டுப்பூவரசு என்னும் பெயரில் நிற்கும் காடு இழிவுணர்த்துவதன்று. சமவெளியில் ஒரு மரத்தை விட்டுவந்தவர் மலையில் வேறொரு மரத்தைக் கண்டு, விட்டதையும் கண்டதையும் ஒரு சொல்லிற் பிணைத்ததன் அடையாளமே அது. அல்ப்ஸ் மலைமக்கள் தம் பூவுக்கு இட்ட பெயருக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று இத்தமிழ்ப்பெயர். மலைநாட்டு மாணவர் அதனைத் தம் மரத்தின் பெயராகக் கற்றலும், ஏனையோர் அதன்வழி அம்மலையில் வாழும் மக்களைத் தம்மவராக அறிதலும் வேண்டும். அஃது அவ்வாறு வழங்குமாயின், ஒரு பூவின் பெயராராய்ச்சி தன் பயனைப் பெற்றதாகும்.